மலைக்கு அந்தப் பக்கம் யார் வீடு?

படம் முடிகிறது. அப்பா, அம்மா, ஏழு குழந்தைகள். கையில் பெட்டி, தோளில் சின்னக் குழந்தை. பின்னால் நாஜிப் படை. முன்னால் ஆல்ப்ஸ் மலை. மலையைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து, சுதந்திரம். கோரஸ் உச்சத்துக்குப் போகிறது. தியேட்டரில் விசும்பல் சத்தம். சுபம்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்த்த அத்தனை பேருக்கும் மனப்பாடமான காட்சி. ஒரே ஒரு சிக்கல்தான். அட்லஸைப் பிரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். படத்தின் கதை நடக்கிற சால்ஸ்பர்க் நகரம் ஆஸ்திரியாவின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து சுவிட்சர்லாந்து எல்லை 200 கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்து மலையை ஏறித் தாண்டினால் வருவது ஜெர்மனி. அதுவும் சாதாரண ஜெர்மனி இல்லை. பெர்ஷ்டெஸ்காடன். ஹிட்லர் தனக்கென்று மலை பங்களா கட்டிக்கொண்டு ஓய்வெடுத்த ஊர்!

அதாவது, படத்தில் காட்டிய பாதையில் அந்தக் குடும்பம் நிஜமாகவே நடந்திருந்தால், நேராக ஹிட்லர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்றிருக்கும்.

ஹாலிவுட்காரர்களுக்குப் பூகோளம் தெரியாதா என்று நிஜ மரியாவே பிற்பாடு கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஆனாலும் பார்க்கிறோம். திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நான் முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், காலைக் காட்சி. கணக்கியல் வகுப்புக்கு டேக்கா கொடுத்துவிட்டுப் போனது. அப்புறம் வாடகை கேசட்டில் இரண்டு முறை, டி.வி.யில் எத்தனை முறை என்று கணக்கில்லை. இன்றைக்கும் சேனல் மாற்றும்போது அந்தப் பச்சை மலையும் கையை விரித்துச் சுற்றும் ஜூலி ஆண்ட்ரூஸும் தட்டுப்பட்டால் ரிமோட் தானாகக் கீழே போய்விடுகிறது.

ஆனால், நிஜக் கதையைப் படித்த பிறகு ஒரு வித்தியாசம். இப்போதெல்லாம் என் கண் மரியாவின் மேல் இல்லை. அந்த அப்பாவின் மேல்.

* * *

படத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மனைவியை இழந்த கடற்படை கேப்டன். பணக்காரர், முரடர். குழந்தைகளை விசில் ஊதிக் கூப்பிடுகிறவர். வீட்டில் பாட்டு கூடாது, சிரிப்பு கூடாது. கன்னிமாடத்திலிருந்து ஒரு பெண் டீச்சராக வருகிறாள். குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தந்து, அப்பாவையும் மனுஷனாக்கி, அவரையே கல்யாணமும் செய்துகொள்கிறாள். ஹிட்லர் வருகிறான். தப்பிக்கிறார்கள்.

நமக்கும் இது ரொம்ப அந்நியமில்லை. குல்சார் இந்தியில் எடுத்த 'பரிச்சய்' (1972) பார்த்தவர்களுக்கு வாசனை பிடிபடும். அங்கே டீச்சர் ஆண், ஜிதேந்திரா.

இப்போது நிஜக் கதை.

கேப்டன் பெயர் கேயார்க் ஃபான் டிராப். பிறந்தது 1880. இன்றைக்குக் குரோஷியாவில் இருக்கும் ஸாதர் என்ற கடலோர ஊர். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்துக்குள் இருந்தது. ஆஸ்திரியாவில் ஏதய்யா கடல், கடற்படை கேப்டன் எங்கிருந்து வந்தார் என்று படம் பார்க்கும்போது யாராவது கேட்டோமா? முதல் உலகப் போர் முடியும்வரை அந்த சாம்ராஜ்யத்துக்கு நீளமான கடற்கரை இருந்தது. துறைமுகங்கள் இருந்தன. நீர்மூழ்கிக் கப்பல்கள் இருந்தன.

அதில் ஒன்றின் பெயர் யு-5. 1909-ல் அதைத் தண்ணீரில் இறக்கிவைத்த பெண் அகாதே ஒயிட்ஹெட். யார் இந்தப் பெண்? டார்ப்பிடோ என்கிறார்களே, கப்பலைப் பிளக்கும் நீரடிக் குண்டு, அதை 1866-ல் உருவாக்கிய ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயரின் பேத்தி. குடும்பத்துக்குக் குண்டு செய்யும் தொழிற்சாலை, கொட்டோ கொட்டென்று பணம். 1911-ல் கேயார்க் அகாதேவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

நாலு வருஷம் கழித்து, 1915 ஏப்ரலில், மனைவி கையால் தண்ணீரில் இறங்கிய அதே யு-5க்கு அவர்தான் கமாண்டர். லியோன் காம்பெட்டா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை அதிலிருந்துதான் மூழ்கடித்தார். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இவர் தேசிய ஹீரோ ஆனார். பதக்கம், பட்டம், எல்லாம்.

1918-ல் போர் முடிந்தது. சாம்ராஜ்யம் உடைந்தது. மிச்சமிருந்த ஆஸ்திரியாவுக்குக் கடற்கரை ஒரு அங்குலம்கூட இல்லை. கடல் இல்லாத தேசத்தில் கடற்படை கேப்டனுக்கு என்ன வேலை? நாற்பது வயது ஆவதற்குள் மனிதர் ரிட்டயர்டு.

1922-ல் அகாதேவும் போய்விட்டார். ஸ்கார்லெட் காய்ச்சல். ஏழு குழந்தைகளோடு தனி ஆள். சால்ஸ்பர்க் பக்கத்தில் ஐகன் என்ற இடத்தில் பெரிய வீட்டில் குடியேறினார். மனைவியின் குடும்பச் சொத்து லண்டன் பாங்க்கில் பத்திரமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

* * *

1926. இரண்டாவது பெண் சின்ன மரியாவுக்கு உடம்பு சரியில்லை. பள்ளிக்கூடம் போக முடியவில்லை. வீட்டோடு வந்து பாடம் சொல்லித்தர, நான்பெர்க் கன்னிமாடத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பெரிய மரியா. வயது 21. ஓடும் ரயிலில் பிறந்த பெண். சின்ன வயசிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை.

கவனியுங்கள். ஏழு பேருக்கு டீச்சராக வரவில்லை. ஒரே ஒரு பெண்ணுக்கு டியூஷன். அவ்வளவுதான்.

1927 நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 47, பெண்ணுக்கு 22. தெய்வீகக் காதலா? ம்ஹூம். மரியாவே தன் புத்தகங்களில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது, காதல் என்று சொல்ல முடியாது, நான் காதலித்தது குழந்தைகளைத்தான், குழந்தைகளுக்காகத்தான் கழுத்தை நீட்டினேன் என்கிற அர்த்தத்தில். காதல் பிற்பாடு வந்தது, நிறையவே வந்தது என்றும் சொல்லியிருக்கிறார். நம் ஊர்த் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் இதைவிட வேறு மாதிரி சொல்லப் போவதில்லை.

விசில் நிஜம். பெரிய வீடு, பெரிய தோட்டம், ஆளுக்கொரு மூலையில் குழந்தைகள். கப்பல்காரர் பழக்கத்தில் விசில் ஊதிக் கூப்பிட்டார். ஆனால், முரட்டு அப்பா? பாட்டை வெறுத்தவர்? சுத்தப் பொய். சங்கீதப் பிரியர் அவர். மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை. அந்த வீட்டில் நிஜமாகவே கோபக்காரர் யார் தெரியுமா? மரியா. சுள்ளென்று எரிந்து விழுவார், சத்தம் போடுவார், அடுத்த நிமிஷமே மறந்துவிட்டுச் சிரிப்பார் என்று பிள்ளைகளே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அப்பாதான் சாது. சினிமா என்ன செய்தது? இரண்டு பேரின் குணத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டது.

* * *

இப்போது நான் சொல்லவந்த இடம். பி.காம். படித்தவன் புத்தி, எங்கே சுற்றினாலும் பாஸ்புக்கில்தான் வந்து நிற்கும்.

1930களின் ஆஸ்திரியா பொருளாதாரச் சரிவில் தள்ளாடிக்கொண்டிருந்தது. கேயார்க்குக்குத் தெரிந்த ஒரு பெண்மணி சின்ன பாங்க் ஒன்று நடத்திவந்தார். பாங்க் திணறியது. உதவலாமே என்று, லண்டனில் பத்திரமாக இருந்த பணத்தை எடுத்துக்கொண்டுவந்து அந்த பாங்க்கில் போட்டார் மனிதர். 1935-ல் பாங்க் ஊத்தி மூடியது. பணம் மொத்தமும் அம்பேல்.

ஒரு டார்ப்பிடோ, ஒரே அடி, கப்பல் காலி.

வேலைக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். குடும்பம் மாடிக்கு நகர்ந்தது. கீழ் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். குடிவந்தவர்களில் ஒருவர் ஃப்ரான்ஸ் வாஸ்னர் என்ற இளம் பாதிரியார். சங்கீதம் தெரிந்தவர். குடும்பம் பாடுவதைக் கேட்டவர், நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் நன்றாகப் பாடலாம் என்று சொல்லிக் குருவாக உட்கார்ந்தார். படத்தில் மாக்ஸ் மாமா என்று ஒரு ஜாலி ஆசாமி வருவாரே, அப்படி யாரும் கிடையாது. குடும்பத்தை மேடைக்குரிய பாடகர்களாக்கியது இந்தப் பாதிரியார்தான். படத்தில் அவருக்கு இடமே இல்லை!

1936-ல் லோட்டே லேமன் என்ற புகழ்பெற்ற ஓபரா பாடகி அந்த வீட்டுப் பக்கம் வந்தார். பாட்டைக் கேட்டு அசந்துபோனார். இந்தக் குரல்களை வீட்டுக்குள் வைத்திருக்கலாமா என்று சால்ஸ்பர்க் விழாப் போட்டிக்குத் தள்ளினார். முதல் பரிசு. அப்புறம் கச்சேரி, ரேடியோ, ஐரோப்பா முழுக்கப் பயணம்.

பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பம், போர் ஹீரோவின் பிள்ளைகள், காசுக்கு மேடையேறிப் பாடுவதா? கேயார்க்குக்கு அது பெரிய தலைக்குனிவு. ஆண்டவன் சித்தம் என்று விழுங்கிக்கொண்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பெரிய சண்டையெல்லாம் இல்லை. கூட்டம் கூட்டமாக நின்று பூப்போட்டு வரவேற்றவர்கள் லட்சக்கணக்கில்.

அடுத்து அந்த வீட்டு வாசலுக்கு மூன்று அழைப்புகள் வந்தன.

ஒன்று, கேயார்க்குக்கு. ஜெர்மன் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் பொறுப்பு. இருபது வருஷமாகக் கடலை இழந்து ஏங்கிய மனிதருக்கு மறுபடி கடல்.

இரண்டு, மூத்த மகன் ரூபர்ட்டுக்கு. அப்போதுதான் டாக்டர் படிப்பு முடித்தவர். நல்ல ஆஸ்பத்திரி வேலை. யூத டாக்டர்களைத் துரத்திவிட்டதால் காலியான நாற்காலிகள்.

மூன்று, மொத்தக் குடும்பத்துக்கும். ஹிட்லரின் பிறந்தநாளுக்குப் பாட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பாங்க்கில் பணமில்லை. வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பதினோரு வாய் சாப்பிட வேண்டும், பன்னிரண்டாவது வயிற்றில். இந்த நிலைமையில் மூன்று வேலை, மூன்று கௌரவம், தேடிக்கொண்டு வாசலுக்கு வருகிறது. வீடு வாசலா, மானமும் விசுவாசமுமா, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்று கேயார்க் குடும்பத்தைக் கூட்டிவைத்துக் கேட்டதாக மரியா எழுதுகிறார்.

மூன்றுக்கும் ஒரே பதில். முடியாது.

படத்தில் கேப்டன் கடைசிவரை பணக்காரர். மாளிகை, பார்ட்டி, சீமாட்டி தோழி. பணக்காரர் 'முடியாது' என்று சொல்வதிலும் வீரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், கையில் காசில்லாதவர் சொல்கிற 'முடியாது' வேறு எடை. அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஆகப்பெரிய காரியத்தை, கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்ததன்மூலம் சினிமா பாதியாகக் குறைத்துவிட்டது. இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தப்பித்தது எப்படி? மலையுமில்லை, நடுராத்திரியுமில்லை. பாட்டுக் கச்சேரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ரயிலேறினார்கள். இத்தாலிக்கு. ஏன் இத்தாலி? கேயார்க் பிறந்த ஸாதர், முதல் போருக்குப் பிறகு இத்தாலியிடம் போயிருந்தது. அதனால் சட்டப்படி அவர் இத்தாலியக் குடிமகன். கடலைப் பறித்த அதே வரைபடம், இங்கே உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது. வாஸ்னர் பாதிரியாரும் கூடவே போனார். 1938 அக்டோபரில் கப்பலில் நியூயார்க். அவர்கள் காலி செய்த ஐகன் வீட்டுக்கு அப்புறம் குடிவந்தவர் யார் தெரியுமா? ஹிம்லர். ஹிட்லரின் கொலைகார எஸ்.எஸ். படையின் தலைவர்.

அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடினார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரில் பண்ணை வாங்கினார்கள். மூத்த பையன்கள் இரண்டு பேர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போனார்கள். 1947-ல் கேயார்க் காலமானார். தன் பெயரில் உலகம் பார்க்கப்போகும் அந்த முரட்டு கேப்டனை அவர் பார்க்கவே இல்லை.

* * *

1949-ல் மரியா குடும்பக் கதையைப் புத்தகமாக எழுதினார். 1950களில் ஒரு ஜெர்மன் தயாரிப்பாளர் வந்தார். சினிமா உரிமைக்கு 9,000 டாலர். மொத்தமாக, ராயல்டி கிடையாது. காசு தேவைப்பட்டது. மரியா கையெழுத்துப் போட்டுவிட்டார். பிற்பாடு கோடி கோடியாகக் கொட்டப்போகும் கதை. கணவர் ஏமாந்தது பாங்க்கில் என்றால், மனைவி ஏமாந்தது பத்திரத்தில்.

ஜெர்மன் படம் 1956-ல் சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்து அமெரிக்க மேடைக்காரர்கள் வந்தார்கள். 1959 நவம்பரில் பிராட்வேயில் நாடகம். இசை ரிச்சர்ட் ரோஜர்ஸ், பாடல்கள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். சட்டப்படி மரியாவுக்கு ஒரு காசு தரவேண்டியதில்லை. ஆனாலும் மனசாட்சி உள்ள தயாரிப்பாளர்கள், ராயல்டியில் ஒரு சதவிகிதத்தின் எட்டில் மூன்று பங்கைக் கொடுத்தார்கள்.

ஹாமர்ஸ்டைனுக்கு அப்போது வயிற்றில் புற்றுநோய். நாடகம் நியூயார்க் போவதற்கு முன் பாஸ்டனில் ஒத்திகைக் காட்சிகள் நடந்தபோது, கேப்டன் தன் நாட்டிடம் விடைபெற ஒரு சின்னப் பாட்டு வேண்டும் என்று தோன்றியது. நோயோடு உட்கார்ந்து எழுதினார். ஆல்ப்ஸில் பூக்கும் வெள்ளைப் பூ பற்றிய 'ஈடல்வைஸ்'. அவர் எழுதிய கடைசிப் பாட்டு. 1960 ஆகஸ்டில் இறந்துபோனார். இன்றைக்கும் அதை ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல் என்றும், தேசிய கீதம் என்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சினிமா உரிமையை 1960-ல் வாங்கிய ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், கொஞ்ச நாளில் திவாலாகும் நிலைக்கு வந்தது. காரணம், எலிசபெத் டெய்லரின் 'கிளியோபாட்ரா' (1963). அன்றைய தேதியில் 4 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய படம். இந்த நிலைமையில்தான் 80 லட்சம் டாலர் சொச்சத்தை இந்தப் பாட்டுப் படத்தில் போட்டார்கள். டைரக்டர் வில்லியம் வைலர் ஆரம்பித்துவிட்டு விலக, ராபர்ட் வைஸ் வந்தார். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் படமே பிடிக்கவில்லை. கண்டபடி கேலி செய்துகொண்டே நடித்தார். போதாக்குறைக்கு அவர் பாட்டுகளுக்கு வேறொருவர் குரல்!

1964-ல் சால்ஸ்பர்க் ஷூட்டிங். ஓயாத மழை. முதல் காட்சியில் ஜூலி ஆண்ட்ரூஸ் மலைமேல் சுழல்கிறாரே, அதைப் படம்பிடித்த ஹெலிகாப்டரின் காற்று ஒவ்வொரு டேக்கிலும் அவரைப் புல்தரையில் குப்புறத் தள்ளியது. அந்த மலை இருப்பதும் ஜெர்மன் எல்லைக்குள்தான். இன்னொன்று. ஊர்ச் சதுக்கத்தில் நாஜிக் கொடி தொங்கவிட வேண்டும். ஊர் நிர்வாகம் தயங்கியது. இங்கே நாஜிகளுக்கு ஆதரவே இல்லையே என்றார்களாம். சரி, 1938-ல் உங்கள் ஊர்க்காரர்கள் ஹிட்லரை வரவேற்ற பழைய நியூஸ்ரீலைப் போட்டுக்கொள்கிறோம் என்றதும் கொடிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகப் படக்குழுவினர் சொல்வதுண்டு.

1965 மார்ச் 2-ல் ரிலீஸ். விமரிசகர்களில் பலர் 'சர்க்கரைப் பாகு' என்று கிழித்தார்கள். ஜனங்கள் அதையெல்லாம் படித்ததாகவே தெரியவில்லை. ஐந்து ஆஸ்கர். 1966-ல் 'கான் வித் த விண்ட்' வசூல் சாதனையை முறியடித்தது. ஃபாக்ஸ் பிழைத்தது.

உலகம் முழுக்கக் கல்லா கட்டிய படம், இரண்டு இடங்களில் மட்டும் படுத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா. மியூனிக்கில் கம்பெனியின் கிளை மேலாளர் ஒரு காரியம் செய்தார். கல்யாணக் காட்சியோடு படத்தை முடித்துவிட்டார்! நாஜிகள் வரும் பகுதி முழுக்க கட். விஷயம் தெரிந்து அமெரிக்காவிலிருந்து பாய்ந்தார்கள். வெட்டியது திரும்ப ஒட்டப்பட்டது. மேலாளருக்கு வேலை போயிற்று.

* * *

படம் எடுக்கும்போதே மரியா, தன் கணவரைக் கொஞ்சம் மென்மையாகக் காட்டுங்கள் என்று கேட்டுப்பார்த்தார். நான் எடுப்பது கதைப்படம், டாகுமெண்டரி இல்லை என்பதுதான் டைரக்டரின் பதில். மரியா தலைகாட்டும் ஒரு காட்சி படத்தில் உண்டு. தெருவில், பின்னணியில், கண் இமைத்தால் காணாமல் போகும்.

பிள்ளைகளுக்குத்தான் வலி அதிகம். எங்கள் அப்பா இப்படி இல்லை என்று வயதான காலம்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூத்த பெண் அகாதே அதற்காகவே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். டியூஷனுக்குக் காரணமான அந்தச் சின்ன மரியா, 99 வயதில் 2014-ல் காலமானார். முதல் ஏழு பேரில் கடைசி ஆள். இனி, எங்கள் அப்பா சாது என்று நேரில் பார்த்துச் சொல்ல அந்த ஏழு பேரில் யாருமில்லை. படம் மட்டும் இருக்கிறது.

அப்படியென்றால் படத்தைப் பார்க்கக் கூடாதா? தாராளமாகப் பாருங்கள். நானும் பார்க்கத்தான் போகிறேன். கடைசியில், மேடையில் கிடாரோடு கேப்டன் அந்தப் பூப் பாட்டைப் பாடுவார். நடுவில் தொண்டை அடைக்கும். பாட முடியாமல் நிற்பார். அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் மாளிகையை மறந்துவிட்டு, மாடியறைக்குக் குடிபோன ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். திவாலான பாங்க்கின் பாஸ்புக் அவர் பையில் இருக்கிறது. நல்ல சம்பளத்தில் ஒரு கப்பல் அவருக்காகக் காத்திருக்கிறது.

அப்புறம் அந்த மலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன?